சோலார் மின்வேலி: யானை திரும்பிப் போக வேண்டும், செத்துப் போகக் கூடாது

தாளவாடி, தேன்கனிக்கோட்டை, கூடலூர், ஆனைகட்டி என்று காட்டை ஒட்டி விவசாயம் நடக்கிற எந்தப் பக்கம் போனாலும், சோலார் வேலி போட்டுத் தருகிறோம் என்ற பலகை இப்போது கண்ணில் படுகிறது. எனர்ஜைசர் (கம்பிக்கு மின்துடிப்பை அனுப்புகிற பெட்டி), பேட்டரி, பேனல், கம்பி, அதைத் தாங்கும் கால், இன்சுலேட்டர், எர்த் எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். ஐந்து ஏக்கர் தோட்டத்துக்கு அப்படி ஒரு வேலி வாங்கினால் என்ன கிடைக்கும், எது வேலை செய்யும், எது காலை வாரும் என்பதுதான் இந்த மதிப்புரை. கம்பெனிகளை வரிசைப்படுத்தவில்லை. இந்த வேலி தோற்கிற இடம் பெரும்பாலும் பெட்டிக்குள் இருப்பதில்லை. மண்ணுக்குள்ளும் புல்லுக்குள்ளும் இருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒழுங்காகப் போட்டு, வாரம் ஒரு முறை சுற்றிப் பார்க்கிற ஆள் இருந்தால், இது வாங்கத் தகுந்த பொருள். வாழையும் கரும்பும் மிஞ்சும், யானையும் மிஞ்சும். போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்கு இது ஒரே மழைக்காலத்தில் வெறும் கம்பியாகிவிடும்.

எனர்ஜைசர் என்ன செய்கிறது

பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் சேர்த்து, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சட்டென்று கம்பிக்குத் தள்ளுகிறது. வெளியே வரும் அழுத்தம் 8,000, 10,000 வோல்ட் இருக்கும். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே குறைந்தது ஒரு வினாடி இடைவெளி இருக்க வேண்டும் என்பதும், 500 ஓம் மின்தடை கொண்ட சுமையில் ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது என்பதும் சர்வதேசப் பாதுகாப்புத் தரம். அந்த ஒரு வினாடிதான் உயிரைக் காப்பாற்றுகிறது. தசை இறுகி, விடுபட்டு, விலங்கு பின்வாங்க அதற்குள் நேரம் கிடைத்துவிடுகிறது.

ஈ.பி. லைனிலிருந்து 230 வோல்ட்டை நேராகக் கம்பிக்கு விடுவது இதற்கு நேர் எதிர். வோல்ட் குறைவு, ஆனால் கரண்ட் நிற்காமல் ஓடும். பிடித்த தசை விடாது. இதயம் நின்றுவிடும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே ஒரு விளைநிலத்தில் இப்படி மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்து விழுந்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. பன்றிக்கு என்று கட்டுகிற கம்பிக்கு, வருவது பன்றியா யானையா, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிற பக்கத்துத் தோட்டத்து ஆளா என்று தெரியாது. சோலார் வேலிக்குக் கொடுக்கிற பணம் அதிகம் என்று தயங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

எனர்ஜைசர் வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, ஐ.எஸ். 302-2-76 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டதா? அது பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. இரண்டாவது, வெளியீட்டு ஜூல் எவ்வளவு? பல பெட்டிகளில் போட்டிருப்பது உள்ளே சேமிக்கிற ஜூல். கம்பிக்கு வருவது எப்போதும் அதைவிடக் குறைவு. ஐந்து ஏக்கருக்கு, யானை வரும் இடம் என்றால், வெளியீடு 3 ஜூலுக்குக் குறையாமல் பாருங்கள். மூன்றாவது, சுமை ஏற்றிய நிலையில் வோல்ட் எவ்வளவு? வெறும் பெட்டியில் 10 கிலோவோல்ட் காட்டுவது எல்லாருக்கும் முடியும். மழையில் புல் தொட்டுக்கொண்டிருக்கும்போது 5 கிலோவோல்ட் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

"25 கிலோமீட்டர் வரை போகும்" என்ற வாசகத்தை நம்ப வேண்டாம். அது புல் பூண்டு எதுவும் தொடாத ஒற்றைக் கம்பிக்கான கணக்கு. உங்கள் வேலியில் எத்தனை வரிசையோ அத்தனை மடங்கு கம்பி இருக்கிறது. ஐந்து ஏக்கர் சதுர நிலம் என்றால் சுற்றளவு சுமார் 570 மீட்டர். ஐந்து வரிசைக்கு 2,850 மீட்டர். நிலம் நீளவாக்கில் இருந்தால் இன்னும் கூடும்.

பேட்டரியும் பேனலும்: கடைக்காரர் குறைக்கிற இடம்

விலையைக் கீழே கொண்டுவர எல்லாரும் கை வைக்கிற இடம் இது. 3 ஜூல் எனர்ஜைசர் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குச் சுமார் 10 ஆம்பியர்-மணி. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் வெயிலே வராமல் போவது நம் பக்கத்தில் சாதாரணம். ஆக 30 ஆம்பியர்-மணி கையிருப்பு வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் 60 ஆம்பியர்-மணி பேட்டரிதான் சரி. தொகுப்பில் 26 ஆம்பியர்-மணி பேட்டரி தந்தால், மூட்டம் போட்ட இரண்டாவது நாளே அது பாதிக்குக் கீழே போய்விடும். மழைக்காலமும் மக்காச்சோளம் பால் பிடிக்கிற காலமும் பல ஊரில் ஒன்றாகவே வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பேனலுக்கும் அதே கணக்குதான். ஒரு நாளைக்கு 120 வாட்-மணி வேண்டும். நல்ல வெயில் நாலு மணி நேரம் என்றால் 30 வாட். அதோடு இழப்பையும், காலியான பேட்டரியை மறுபடி ஏற்ற வேண்டியதையும் சேர்த்தால் 60 வாட். தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து வையுங்கள். தென்னை நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி பாதியாகிவிடலாம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமல் பார்த்துக்கொள்கிற சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம்.

பகலில் அணைத்துவிட்டு இரவில் மட்டும் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. பேட்டரி மிச்சம்தான். ஆனால் அணைந்த கம்பியைத் தொட்டுப் பார்த்த பன்றியும் யானையும் அந்தக் கம்பிக்குப் பயப்பட வேண்டாம் என்று கற்றுக்கொண்டுவிடுகின்றன. மாலையில் போட மறந்த ஒரே நாள் போதும். பேட்டரி சரியான அளவில் இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

எர்த்: பாதி வேலி மண்ணுக்குள் இருக்கிறது

புதிதாகப் போட்ட வேலி 'ஷாக் அடிக்கவில்லை' என்று புகார் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தைத்தான். எனர்ஜைசரிலிருந்து கிளம்பிய துடிப்பு கம்பி வழியே வந்து, விலங்கின் உடல் வழியே இறங்கி, மண் வழியே எர்த் ராடுக்குத் திரும்பி, பெட்டிக்கு வந்து சேர்ந்தால்தான் சுற்று முடியும். திரும்பும் வழி சரியில்லை என்றால் 10,000 வோல்ட் இருந்தும் பயனில்லை. அப்படியிருந்தும் பல வேலிகளில் ஒரே ஒரு மூன்றடி இரும்புக் குச்சியை அடித்து, அதில் கம்பியைச் சுற்றி விட்டுவிட்டுப் போகிறார்கள்.

சரியான முறை இது. துத்தநாகம் பூசிய (ஜி.ஐ.) இரும்பு ராடு, நீளம் 1.8 முதல் 2 மீட்டர், குறைந்தது மூன்று. ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளி. மூன்றையும் அறுபடாத ஒரே கம்பியால், ராடு கிளாம்ப் போட்டு இணைக்க வேண்டும். வீட்டு எர்த், ஈ.பி. எர்த் இவற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாட்டுக்கொட்டகைக் குழாயில் சுரீர் என்று அடிக்கும். இடம், ஆண்டு முழுவதும் ஈரம் நிற்கிற இடமாகப் பாருங்கள்: கிணற்றடி, தொட்டி வழிகிற இடம், வாய்க்கால் ஓரம். செம்புக் கம்பியை ஜி.ஐ. ராடில் முறுக்காதீர்கள். இரண்டு உலோகமும் சேர்ந்த இடம் சில மாதங்களில் அரித்துப்போய், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். தொடர்பு மட்டும் போயிருக்கும்.

போட்டு முடித்ததும் வேலி போட்ட ஆளை நிற்க வைத்து இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். எனர்ஜைசரிலிருந்து 100 மீட்டர் தள்ளி, மின் ஓடும் கம்பியின் மேல் இரும்புக் குச்சிகளைச் சாய்த்து மண்ணில் ஊன்ற வேண்டும். கம்பியின் வோல்ட் 2,000-க்குக் கீழே இறங்கும்வரை குச்சிகளைக் கூட்ட வேண்டும். இப்போது வோல்ட் மீட்டரின் ஒரு முனையைக் கடைசி எர்த் ராடிலும், மறு முனையை அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளி மண்ணிலும் குத்திப் பாருங்கள். 300 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 800, 1,000 என்று காட்டினால் இன்னும் ராடு அடிக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்ய மறுக்கிற ஆளுக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

சித்திரை, வைகாசியில் செம்மண் காய்ந்து இறுகிவிடும்போது மூன்று நல்ல ராடும்கூடப் போதாமல் போகலாம். யானையின் பாதத்தில் தடித்த தோல் வேறு. இதற்கு மருந்து, வேலியிலேயே ஒரு வரிசை எர்த் கம்பி ஓட்டுவது. மின் ஓடும் கம்பியையும் எர்த் கம்பியையும் ஒருசேரத் தொடும்போது மண் ஈரமாக இருக்கிறதா என்ற கேள்வியே எழாது.

கம்பி, கால், இன்சுலேட்டர்

2.5 மி.மீ. ஜி.ஐ. கம்பி, கனமான துத்தநாகப் பூச்சு உள்ளது. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 26 மீட்டர் வரும். 2,850 மீட்டருக்கு 110 கிலோ. கொட்டேஷனில் கிலோ கணக்கைப் பாருங்கள்: எடை குறைந்தால் கம்பி மெலிந்திருக்கிறது என்று பொருள். முள்கம்பியில் எக்காரணம் கொண்டும் மின்சாரம் விடக் கூடாது. சிக்கிக்கொண்ட விலங்கு ஒவ்வொரு துடிப்பையும் வாங்கிக்கொண்டே இருக்கும்.

கால்களை 8 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் 70-க்கு மேல் வரும். கிருஷ்ணகிரிப் பக்கம் கல் கால், மற்ற இடங்களில் எல்-ஆங்கிள் அல்லது சிமென்ட் கால். இரும்புக் காலில் ஓர் இன்சுலேட்டர் உடைந்தாலே முழு வேலியும் எர்த் ஆகிவிடும். கல் காலில் கசிவு குறைவு. மூலைக்கால்கள்தான் இழுவை முழுவதையும் தாங்குகின்றன. அவற்றுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கால் கொடுத்து, அடியில் இரண்டரை அடி கான்கிரீட் போட வேண்டும். இங்கே சிமென்ட்டை மிச்சம் பிடித்தால் ஆறே மாதத்தில் கால் உள்பக்கம் சாய்ந்து, எல்லா வரிசையும் தொய்ந்துவிடும்.

இன்சுலேட்டர் வெயிலைத் தாங்கும் நல்ல பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், மூலைகளில் பீங்கான். பழைய சைக்கிள் டியூபையும் பி.வி.சி. பைப் துண்டையும் வெட்டிச் சுற்றுகிறார்கள். வெயிலில் மீட்டர் நன்றாகவே காட்டும். முதல் மழையில் எல்லாக் காலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வோல்ட் சரிந்துவிடும். கேட்டுக்கு அடியில் மண்ணில் புதைக்கிற வயரும் அப்படித்தான். வீட்டு வயரிங் வயரின் உறை இந்த வோல்ட்டைத் தாங்காது. மின்வேலிக்கென்றே வருகிற, 20 கிலோவோல்ட் தாங்கும் இரட்டை உறைக் கேபிளை வாங்கி, அதையும் ஒரு குழாய்க்குள் விட்டுப் புதைக்க வேண்டும். கம்பியை ஒட்டுகிற இடத்தில் வெறுமனே முறுக்கி விட்டால் துரு பிடித்துப் பொறி பறக்கும். கிரிம்ப் அல்லது நட்டு போட்ட கிளாம்ப் போடுங்கள்.

200, 250 மீட்டருக்கு ஒரு கட்-அவுட் ஸ்விட்ச் இருந்தால், எந்தப் பக்கத்தில் பழுது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இடிதாங்கியும் சேர்த்துக் கேளுங்கள். அதற்குத் தனி எர்த். கோடை இடியில் போகிற எனர்ஜைசர்கள் ஏராளம், வாரன்ட்டியில் பெரும்பாலும் 'இடியால் ஏற்படும் சேதம் நீங்கலாக' என்றிருக்கும்.

யானை வேலியை எப்படித் தோற்கடிக்கிறது

தந்தம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை ஆண் யானைகள் கண்டுபிடித்துவிட்டன. தந்தத்தால் கம்பியை மேலே நெம்பி அறுக்கும். தந்தமில்லாத ஆண் யானையான மக்னாவும் பெண் யானைகளும் வேலிக்காலைத் தேர்ந்தெடுக்கின்றன: கம்பியைத் தொடாமல் கம்பத்தை மட்டும் பாதத்தால் மிதித்துச் சாய்ப்பது. பக்கத்தில் நிற்கிற மரத்தைத் தள்ளிக் கம்பியின் மேல் போட்டு, அதன் மேல் நடந்து போவதும் உண்டு. இதெல்லாம் கற்ற வித்தை. மந்தையில் ஒன்று கற்றால் மற்றவை பின்னால் வரும். அதனால்தான் முதல் அனுபவமே வலிப்பதாக இருக்க வேண்டும். வேலை முடியாத, பாதி வோல்ட் வேலியைச் சில வாரம் நிற்கவிடுவது யானைக்குப் பாடம் நடத்துவதற்குச் சமம்.

இதற்கான பதில், ஒவ்வொரு காலிலும் காட்டுப் பக்கமாக 45 முதல் 60 செ.மீ. நீட்டிய கைக்கம்பி வைத்து, அதில் மின்சாரம் விடுவது. காலை மிதிக்க வந்தால் முதலில் கம்பி படும். வேலிக்கு மரம் விழும் தூரத்தில் நிற்கிற காய்ந்த மரங்களையும் பார்த்து வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தும், பழகிப்போன ஒற்றை ஆண் யானையை இந்த வேலி எப்போதும் நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் அது பொய். மந்தைகளைத் தடுக்கும், அதுவே பெரிய உதவி.

அப்படிப்பட்ட யானை தொடர்ந்து வருகிற இடத்துக்கு, தொங்கு வேலி மேலானது. நாலு, நாலரை மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியிலிருந்து கை நீட்டி, அதில் ஓடும் கம்பியிலிருந்து மெல்லிய கம்பிச் சரங்கள் வரிசையாகத் தொங்கும். தரைக்கு மேல் மூன்று நாலடியில் சரம் முடிந்துவிடும். தந்தத்தால் நெம்பப் பிடிமானம் கிடையாது. எது தொட்டாலும் சரம் நகர்ந்து, தும்பிக்கையிலும் நெற்றியிலும் படும். புல் வளர்ந்து கரண்டைக் குடிப்பதும் இதில் குறைவு. அதைத்தான் இதன் பெரிய பலமாகச் சொல்வோம். அடியில் ஆமை, முயல், அலங்கு (எறும்புத்தின்னி) எல்லாம் தாராளமாகப் போய்வரும். பன்றியும் போய்வரும் என்பது விவசாயியின் குறை. காற்றில் சரங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், ஆடு மாடு ஓட்டுகிறவர்கள் அறுத்துவிட்டுப் போவார்கள், மீட்டருக்கு ஆகும் செலவும் அதிகம். தனித்தோட்டத்துக்கு இதைவிட, ஊர் கூடி ஒரு நீண்ட எல்லைக்குப் போடத்தான் பொருத்தம்.

எத்தனை வரிசை? இங்கேதான் சின்ன உயிர்கள் சாகின்றன

வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத்தில் 5, 7, 10 வரிசை என்று சோலார் வேலிகள் போடப்படுகின்றன. வரிசை கூடினால் பாதுகாப்பு கூடும் என்று பலரும் பத்தையே கேட்கிறார்கள். யானைக்குப் பத்து தேவையே இல்லை. கூடுதல் வரிசைகள் எல்லாம் தரையை ஒட்டி நெருக்கமாக வருகின்றன. யானையைத் திருப்பி அனுப்புகிற அதே துடிப்பு நட்சத்திர ஆமையைக் கொன்றுவிடும். ஆமைக்கு ஷாக் அடித்தால் அது ஓடுவதில்லை. ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கம்பிக்கு அடியிலேயே உட்கார்ந்துவிடும், துடிப்பு வந்துகொண்டே இருக்கும். அலங்கு எனும் எறும்புத்தின்னி பயந்தால் சுருண்டுகொள்ளும், சமயத்தில் கம்பியையே சுற்றிக்கொண்டு சுருளும். உடும்பு, பாம்பு, தேவாங்கு எல்லாமே இந்தக் கணக்கில் வரும். தென்னாப்பிரிக்காவின் மின்வேலிகளில் அதிகம் செத்தவை ஆமைகளும் எறும்புத்தின்னிகளும்தான் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பன்றியைத் தடுக்க 20 செ.மீ. உயரத்தில் ஒரு கம்பி வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் சமாளிக்க நாங்கள் பரிந்துரைப்பது ஐந்து வரிசை: தரையிலிருந்து 20 செ.மீ. எர்த் கம்பி, 35-இல் மின் ஓடும் கம்பி, 65-இல் மின் ஓடும் கம்பி, 110-இல் எர்த், 160-இல் மின் ஓடும் கம்பி. மூக்கை நுழைக்கிற பன்றி எர்த் கம்பியையும் மேல்கம்பியையும் ஒன்றாகத் தொடும். ஷாக் நன்றாகவே விழும். ஆமை எர்த் கம்பிக்கு அடியில் ஆபத்தில்லாமல் போய்விடும். யானையின் தும்பிக்கை 160-ஐத் தேடி வரும்போது நெஞ்சும் காலும் 110-ஐத் தொடும். மேடு பள்ளமான நிலத்தில் கம்பி தரைக்கு இறங்குகிற இடங்களைத் தனியாகப் பார்த்து, அங்கே குறுக்கே ஒரு கால் கூடுதலாக நட்டு உயரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

வேலி எங்கே ஓட வேண்டும்

நல்ல வேலியையும் தவறான இடத்தில் போட்டால் சிக்கல் பக்கத்து ஊருக்குத்தான் நகரும். யானைத் தடத்தின் குறுக்கே, ஓடையை அடைத்து, பட்டா எல்லையோடு நேர்கோடாக ஓட்டினால், தலைமுறையாக அந்த வழியில் நடக்கிற மந்தை வேலியோரமாகவே நடந்து அடுத்த தோட்டத்தில் இறங்கும். தண்ணீருக்குப் போகிற வழியை மட்டும் திறந்து வைத்துவிட்டு, பயிரையும் வீட்டையும் சுற்றி வேலி போடுங்கள். நிலம் பெரிதாக இருந்து பாதி தரிசு என்றால், தரிசை வெளியே விடுங்கள், செலவும் குறையும்.

இலங்கையில் இதை அழகாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். காட்டு எல்லையில் அரசு வேலி போட்டால் வேலியின் இரு பக்கமும் யானை இருக்கும், பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்காது என்பதைக் கண்டு, யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவர் நடத்தும் பாதுகாப்பு ஆய்வு மையமும் வயல்வேலி முறையைக் கொண்டுவந்தார்கள். நெல் நிற்கும் காலத்தில் மட்டும் வயலைச் சுற்றி மின்வேலி. அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். தாளடியில் மிச்சத்தை யானை வந்து மேய்ந்துகொள்ளும். வேலியை விவசாயிகளே நடத்துகிறார்கள். நம் ராகி, நிலக்கடலைக் காடுகளுக்கு, கழற்றி மாட்டுகிற கால்களோடு இப்படி ஒரு தொகுப்பு நம் கடைகளில் எளிதாகக் கிடைக்காதது பெருங்குறை.

சட்டம்

தமிழ்நாட்டில் 2023-இல் மின்வேலிகளுக்கான பதிவு, ஒழுங்குமுறை விதிகள் வந்துவிட்டன. காட்டை ஒட்டிய பகுதிகளில் புதிய வேலிக்கு முன் அனுமதியும், ஏற்கெனவே உள்ளதற்குப் பதிவும் வேண்டும். எனர்ஜைசர் இந்தியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். போட்டுத் தருகிறவர் 'அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்' என்றால், நாளை ஒரு யானை அங்கே செத்தால் வழக்கு நில உரிமையாளர் பேரில் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். யானை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சிறை மூன்று ஆண்டுக்குக் குறையாது. எனர்ஜைசரின் பில்லையும் தரச்சான்றையும் பத்திரமாக வைத்துக்கொள்வதும் உங்களுக்குத்தான் பாதுகாப்பு. எச்சரிக்கைப் பலகையைத் தமிழில், குழந்தைக்கும் புரிகிற படத்தோடு, பாதை வரும் இடமெல்லாம் மாட்டுங்கள். ஒரே வேலியில் இரண்டு எனர்ஜைசர் இணைக்கக் கூடாது. பக்கத்துத் தோட்டக்காரரின் மின்வேலி உங்கள் எல்லையிலேயே ஓடினால், இரண்டுக்கும் நடுவே 2.5 மீட்டர் விடுங்கள்.

வேலிக்குப் பதிலாக விற்கப்படுபவை

அகழி வெட்டுவது மழை குறைந்த, இறுகிய மண்ணுக்கு மட்டும் சரி. மற்ற இடங்களில் இரண்டு மழையில் கரை சரியும், சரியாத இடத்தை யானையே காலால் தள்ளி நிரப்பும். ரயில் தண்டவாள வேலி உறுதியானதுதான்; ஆனால் கர்நாடகத்தின் நாகரஹோளேயில் 2018-இல் அதைத் தாண்டப் போன ஓர் ஆண் யானை அதிலேயே சிக்கி உயிர்விட்டது. எஃகு வட (கம்பிக்கயிறு) வேலி தென்னாப்பிரிக்காவின் அடோ யானைப் பூங்காவில் 1954-இலிருந்து பெயர் பெற்றது, ஓசூர் பக்கமும் வந்திருக்கிறது. தனியாள் வாங்கும் பொருள் அல்ல. தேனீப்பெட்டி வேலியை யானை ஆய்வாளர் லூசி கிங் கென்யாவில் வெற்றிகரமாக நடத்திக் காட்டினார். அங்குள்ள தேனீ மூர்க்கமானது. நம் அடுக்குத் தேனீ அவ்வளவு துரத்தாது. தேன் வருமானத்துக்காக வையுங்கள், காவலுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வேலியே இல்லாமல் உயிர் காக்கிற சேவை ஒன்றை மனமாரப் பாராட்ட வேண்டும். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்திவரும் முன்னறிவிப்பு முறை அது. யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று மாலையில் தொழிலாளர்களின் கைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி வரும். கேபிள் டி.வி.யில் எழுத்தாக ஓடும். தூரத்திலிருந்தே தெரிகிற உயரத்தில் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. பதிவு செய்த எண்ணிலிருந்து ஓர் அழைப்பு விட்டால் எரியும். வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்குகிறவர், விளக்கு எரிந்தால் அந்தப் பாதையில் நடக்க மாட்டார். இதை வழிநடத்திய எம். ஆனந்தகுமாருக்கு 2015-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. தேயிலையை யானை தின்பதில்லை, ஆகவே அங்கே காக்க வேண்டியது பயிரைவிட ஆளைத்தான். அந்த நிலைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. வாழைத் தோட்டத்தை இது காப்பாற்றாது. ஆனால் வேலி போட்ட ஊருக்கும் இந்தத் தகவல் சேர்ந்தால் இரவுக்காவல் பாதியாகக் குறையும். இதன் பலம் கருவியில் இல்லை. தினமும் யானையைப் பின்தொடர்ந்து பார்த்துச் சொல்கிற உள்ளூர் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் விளக்கை மட்டும் நட்டால் ஒரு மாதத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

வாங்கிய பிறகு

வேலிக்கு இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டி வையுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. உண்ணிச்செடியும் கொடிகளும்தான் அதிகம் கரண்டைக் குடிப்பவை. ஈரமான கொடி ஒன்று ஏறினாலே மீட்டரில் ஆயிரம், இரண்டாயிரம் வோல்ட் காணாமல் போகும். டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்று சொந்தமாக வாங்குங்கள், தொகுப்பில் தராவிட்டாலும். எனர்ஜைசருக்கு மிகத் தொலைவில் இருக்கிற மூலையில் அளக்க வேண்டும். 6 கிலோவோல்ட்டுக்கு மேல் என்றால் நிம்மதி. 5-க்குக் கீழே வந்தால் அன்றைக்கே பழுதைத் தேடுங்கள். இருட்டிய பிறகு வேலியோரம் நடந்தால், கசிகிற இன்சுலேட்டரில் நீலப் பொறி தெரியும், 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்கும். வோல்ட் குறைந்தால் கைபேசிக்குத் தகவல் அனுப்புகிற எனர்ஜைசர்கள் வந்திருக்கின்றன. தோட்டத்தில் குடியில்லாதவர்கள் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம்.

பேட்டரி முனைகளில் வாசலின் தடவி, மாதம் ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்க்க வேண்டும். கோடையில் எர்த் ராடு இருக்கும் இடத்தில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதானால், அதில் எத்தனை நாளுக்குள் ஆள் வருவார் என்று எழுதி வாங்குங்கள். 'போன் பண்ணினால் வருவோம்' என்பது கதிர் முற்றுகிற வாரத்தில் உதவாது. உதிரியாக ஐம்பது இன்சுலேட்டர், பத்துக் கிளாம்ப், ஒரு சுருள் கம்பி கையிருப்பில் வைத்துக்கொண்டால், இரவில் அறுந்த கம்பியைக் காலை பால் கறந்து முடித்ததும் நீங்களே கட்டிவிடலாம்.